வெண்டைக்காய்க் கொழகொழப்பும் வகுத்துக் கிருமியும்

கணபதியில் எங்கள் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு சின்னக் கடை போடுவேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மடக்கு மேசை, ஒரு தராசு, நாலு கூடை. அன்னூர் பக்கம் எங்களுக்கு மூணு ஏக்கர் தோட்டம். சனிக்கிழமை பொழுதோட பறித்த காய் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேசைக்கு வந்துவிடும். ஒன்பதரைக்குள் கூடை காலி.

இரண்டு வருசம் முன்பு வரைக்கும் அந்த மேசையில், வெண்டைக்காய்க் கூடைக்கு மேலே ஒரு அட்டை இருந்தது. நானே எழுதியது: ‘அல்சரைக் குணமாக்கும் நஞ்சில்லா நாட்டு வெண்டை.’ அந்த அட்டையை ஏன் எழுதினேன், ஏன் எடுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நம்மைப் போல நேரடியாக விற்கிற இயற்கை விவசாயிகள் எல்லோருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முப்பத்தெட்டு வருச வகுத்து வலி

நான் வங்கியில் முப்பத்தெட்டு வருசம் வேலை பார்த்தவன். அதில் பாதி கிராமக் கிளைகள். பயிர்க்கடன், கிணத்து மோட்டார்க் கடன், மாட்டுக் கடன் என்று கையெழுத்துப் போட்டே பாதி ஆயுள் போனது. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, தணிக்கை என்று வந்தால் மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. நடுவில் ஆறு டீ. நெஞ்சுக்குழியில் எரிச்சல் வந்தால் மேசை டிராயரில் இருக்கும் மாத்திரையைச் சப்பிக்கொள்வேன். ‘டென்சன் உத்தியோகம், அல்சர் வராம இருக்குமா’ என்று சொல்லாத ஆளே இல்லை. நானும் அப்படியே நம்பினேன்.

2001-ல் ஒருநாள் வலி தாங்காமல் டாக்டரிடம் போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண். இரைப்பைச் சதையில் துளி எடுத்துச் சோதித்துவிட்டு டாக்டர் சொன்னார்: “உங்களுக்கு இருக்கறது டென்சன் இல்லீங்க, ஒரு பாக்டீரியா. ரெண்டு வாரம் மாத்திரை எடுத்தா போயிரும்.” போய்விட்டது. அத்தனை வருசமாகச் சப்பிய மாத்திரைகளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும்.

ஓய்வு பெற்ற பிறகு அப்பாவின் தோட்டத்தைக் கையில் எடுத்தேன். முதல் வருசம் போட்ட வெள்ளாமையே வெண்டைதான். ஊரில் யாரோ அனுப்பிய ஒரு செய்தியில் ‘வெண்டைக்காய் வயிற்றுப் புண் கிருமியை ஒழிக்கிறது, ஜெர்மனி ஆராய்ச்சியில் நிரூபணம்’ என்று இருந்தது. எனக்கே அந்த நோய் இருந்ததால் சட்டென்று ஒட்டிக்கொண்டது. அன்றைக்கே அட்டை எழுதிவிட்டேன். வங்கியில் இருந்தபோது ஒரு பத்திரத்தை முழுசாகப் படிக்காமல் கடன் கொடுத்திருந்தால் எனக்கு மெமோ வந்திருக்கும். தோட்டத்துக்காரன் ஆனதும் அந்தப் புத்தி எங்கே போனதோ.

அட்டையைப் பார்த்த தம்பி

வாரா வாரம் வருகிறவர்களில் ஒரு தம்பி. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அட்டையைப் படித்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்கண்ணா, நெசமாலுமே அல்சர் போகுங்ளா? எனக்கு ரெண்டு வருசமா இருக்குதுங்க. மாத்திரை குடுத்திருக்காங்க, ஒத்துக்கவே மாட்டேங்குது. வாயெல்லாம் கசக்குது.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? டாக்டரிடம் மறுபடி போய்ச் சொல்லுங்கள் என்று. நான் சொன்னது: “நாலு வெண்டையைக் கீறி ராத்திரி தண்ணில போட்டு வெச்சு, காலைல வெறும் வகுத்துல குடிங்க தம்பி. ஜெர்மனிக்காரனே சொல்லியிருக்கான்.”

அவர் குடித்தார். மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆறு வாரம் வந்தார், “பரவால்லைங்கண்ணா, எரிச்சல் கொஞ்சம் கொறஞ்சிருக்குது” என்றார். ஏழாவது வாரம் வரவில்லை. எட்டாவது வாரம் அவர் சம்சாரம் வந்தார். காய் வாங்க வரவில்லை. புண்ணில் ரத்தம் கசிந்து, மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போய், பட்டறையில் மயங்கி விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, நாலு நாள் வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த அம்மிணி சத்தம் போடவில்லை. “நீங்க படிச்சவங்க, பேங்க்ல இருந்தவங்க, நீங்க சொன்னீங்கன்னுதானுங்கண்ணா நிறுத்துனாரு” என்று மட்டும் சொன்னார். அட்டையை அப்போதே எடுத்தேன். அவர் போன பிறகு என் வீட்டுக்காரி சொன்னாள்: “காய் விக்கறவங்க காய் விக்கோணும். வைத்தியம் எதுக்குங்க நமக்கு?”

அப்புறம்தான் உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். அறிவியல் படிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவனை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். படித்ததில் நமக்கு வேண்டியதை மட்டும் கீழே சொல்கிறேன்.

யூரியாவைத் தின்னும் கிருமி

கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. சுருள் வடிவம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் 1982-ல் இதை முதன்முதலாக வளர்த்துக் காட்டினார்கள். அமிலத்தில் பாக்டீரியா வாழாது, அல்சர் கவலையால் வருவது என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த காலம். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி. பத்தாம் நாள் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழற்சி கண்டிருந்தது. இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதற்குள் இந்தக் கிருமி எப்படிப் பிழைக்கிறது என்பது விவசாயிக்கு எளிதாகப் புரியும். நிலத்தில் யூரியா போட்டால், மண்ணில் உள்ள யூரியேஸ் என்ற நொதி அதை உடைத்து அம்மோனியாவாக மாற்றுகிறது அல்லவா? அதே நொதி இந்தக் கிருமியிடமும் நிறைய இருக்கிறது. நம் உடம்பில் இயல்பாக இருக்கும் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கிறது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு இரைப்பைச் சுவரின் சளிப்படலத்துக்குள் நுழைந்து சுவரைப் பிடித்துக்கொள்கிறது.

இந்தப் பிடிதான் முக்கியம். இரைப்பை ஓயாமல் பிசைந்து, உள்ளதைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும் உறுப்பு. பிடிமானம் இல்லாத கிருமி சோற்றோடு சோறாகக் கீழே போய்விடும். நம் இரைப்பைச் செல்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கிருமியின் உடம்பில் அந்தச் சங்கிலிக்கு ஏற்ற கொக்கிகள் உண்டு. கொக்கி மாட்டினால் குடியிருப்பு உறுதி.

உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் இந்தக் கிருமி இருப்பதாகக் கணக்கு. பெரும்பாலும் சின்ன வயசிலேயே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சிலருக்குப் புண்ணாகிறது. மிகச் சிலருக்குப் புற்றுநோய் வரை போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆகவே விளையாட்டுக் கிருமி இல்லை.

கொழகொழப்பு என்ன செய்கிறது?

வெண்டைக்காயை நறுக்கினால் கையில் நூல் நூலாக வருகிறதே, அது பாலிசாக்கரைடு. சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீளச் சங்கிலி. வெண்டையில் கேலக்டோஸ், ராம்னோஸ், கேலக்ட்யூரானிக் அமிலம் ஆகியவை கிளை கிளையாகக் கோத்திருக்கின்றன. தண்ணீரைப் பிடித்து வீங்குவதால்தான் கொழகொழப்பு.

ஜெர்மனியில் ஹென்சல் என்ற பேராசிரியரின் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வுதான் நான் பேர் சொல்லி விற்ற ஆய்வு. ஆசிய நாடுகளில் வயிற்று எரிச்சலுக்கு வெண்டைப் பிஞ்சைக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அதற்குக் காரணம் என்ன என்று தேடிப் போனார்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய கிருமியை மனித இரைப்பைத் திசுவின் மெல்லிய சீவல் மேல் விட்டு, எத்தனை ஒட்டுகிறது என்று எண்ணினார்கள். வெண்டைப் பிஞ்சின் பச்சைச் சாறில் முன்னதாக ஊறிய கிருமிகளால் திசுவில் ஒட்ட முடியவில்லை.

காரணம் இதுதான். கிருமியின் கொக்கி, இரைப்பைச் சுவரின் சர்க்கரைச் சங்கிலி என்று நினைத்து வெண்டையின் சர்க்கரைச் சங்கிலியில் போய் மாட்டிக்கொள்கிறது. கொக்கி அடைபட்டால் சுவரைப் பிடிக்க வேறு கை இல்லை. தாய்ப்பாலிலும் இதே வேலைக்கென்று தனிச் சர்க்கரைகள் இருக்கின்றன. குழந்தைக்கு அவை செரிக்கவே செரிக்காது. ஆனாலும் தாய் உடம்பு அவற்றை உண்டாக்குகிறது. அவை செய்யும் வேலைகளில் ஒன்று, கெட்ட கிருமிகளின் கொக்கியை அடைப்பது.

2009-ல் அதே நாட்டு ஆய்வாளர்கள் அதிமதுர வேரின் நீர்ச் சாற்றிலும் அதன் பாலிசாக்கரைடிலும் இந்தக் குணத்தைக் கண்டார்கள். 2014-ல் வெண்டையை மறுபடி எடுத்து, கிருமியின் எந்தெந்தக் கொக்கிகளில் அது மாட்டுகிறது என்று பார்த்தார்கள். நம் பாட்டிமார் தொண்டைக்கும் வகுத்துக்கும் அதிமதுரத்தைச் சப்பக் கொடுத்ததில் அர்த்தம் இல்லாமல் இல்லை.

நான் படிக்காமல் விட்ட வரிகள்

இதுவரைக்கும் சொன்னது நம் காதுக்கு இனிமையான பாதி. மீதிப் பாதி இது.

ஒன்று, வெண்டைச் சாறு கிருமியைக் கொல்லவில்லை. கிருமி வளர்வதைத் தடுக்கிறதா என்று பார்த்தார்கள், தடுக்கவில்லை. ஒட்டவிடாமல் செய்வது மட்டும்தான் அதன் வேலை.

இரண்டு, சாறு வேலை செய்வது கிருமியின் மேல். கிருமி சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் சாறு அதைச் சந்திக்க வேண்டும். இருபது வருசமாகச் சளிப்படலத்துக்கு அடியில் குடியிருக்கும் கிருமியை அது கிளப்பிவிடும் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

மூன்று, பிஞ்சின் பச்சைச் சாறில்தான் முழு வேகம் இருந்தது. புரதமும் புளிப்புச் சர்க்கரைகளும் சேர்ந்து பின்னியிருக்கும் அமைப்பு அதில்தான் முழுசாக இருக்கிறது. பிரித்தெடுத்தால் வேகம் குறைகிறது. எண்ணெயில் சுருள வதக்கிய பொரியலுக்கும் மோர்க்குழம்புக்கும் அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது.

நான்கு, இவையெல்லாம் கண்ணாடித் தட்டில் திசுச் சீவலை வைத்துச் செய்தவை. நோயாளிகளுக்குக் கொடுத்து அல்சர் ஆறியதைப் பார்த்த ஆய்வுகள் அல்ல.

நமக்குத் தெரிந்த உதாரணத்தில் சொன்னால், இது மூடாக்கு மாதிரி. களை முளைக்கும் முன் மூடாக்குப் போட்டால் பலன் உண்டு. கோரைக் கிழங்கு அடியில் இறங்கிய காட்டில் வெறும் மூடாக்கைப் போட்டுவிட்டு ‘கோரை ஒழிஞ்சுது’ என்று சொன்னால் எந்தப் பண்ணையக்காரர் நம்புவார்? அந்தத் தம்பியின் வகுத்தில் இருந்தது கோரை. நான் கொடுத்தது மூடாக்கு. எரிச்சல் கொஞ்சம் குறைந்ததாக அவர் சொன்னதும் என்னை ஏமாற்றியது. அல்சர் எரிச்சல் தானாகவே ஏறும், இறங்கும். நான் சப்பிய மாத்திரையும் இருபது வருசம் எனக்கு எரிச்சலைக் குறைத்தது, கிருமியை விட்டுவைத்தது.

சிகிச்சை இல்லாமல் இல்லை. அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்துப் பெரும்பாலும் பதினாலு நாள் கொடுக்கிறார்கள். வாய் கசக்கும், குமட்டும். அதனாலேயே பலர் பாதியில் விடுகிறார்கள். பாதியில் விட்டால் சாகாமல் தப்பிய கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடுகிறது. ஒரே பூச்சிக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடித்து, அதுக்கு அடங்காத வெள்ளை ஈயை நாமே உண்டாக்கினோமே, அதே கதை. கிளாரித்ரோமைசின் என்ற மருந்துக்கு அடங்காத ஹெலிகோபாக்டரை, புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் 2017-ல் சேர்த்தது.

அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் வெண்டை, அதிமதுரம் என்று தேடுகிறார்கள். கொல்லாமல், ஒட்டவிடாமல் செய்தால் கிருமி எதிர்ப்புச் சக்தி பெறும் வாய்ப்பு குறைவு என்பது அவர்கள் எண்ணம். விதையைச் சூடோமோனாஸில் நேர்த்தி செய்து, வேரில் நல்ல கிருமிக்கு முதலில் இடம் பிடித்துக் கொடுக்கிற நமக்கு இந்த வழி புதிதல்ல. நல்ல வழிதான், நாளைக்குப் பெரிதாகவும் வரலாம். அதைக் காட்டி இன்றைக்கு ஒருவரின் மாத்திரையை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

வெண்டைத் தண்ணி குடிப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை

கோயமுத்தூரில் சர்க்கரை நோய்க்கென்று வெண்டைத் தண்ணி குடிப்பவர்கள் ஏராளம். வங்கதேச ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஒரு எலி ஆய்வில், வெண்டையின் நீர்ச்சாறு மெட்ஃபார்மின் மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைத்தது தெரியவந்தது. கிருமியின் கொக்கியை அடைக்கும் அதே பசை மருந்தையும் பிடித்துவைக்கலாம். ஆகவே மாத்திரையும் வெண்டைத் தண்ணியும் ஒன்றாக வேண்டாம், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது, வெண்டையில் ஆக்சலேட் உண்டு. மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்தமாகவோ காப்பித்தூள் மாதிரியோ வாந்தி வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ கை வைத்தியம் பார்க்க நேரமில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அப்போது எதைச் சொல்லி விற்பது?

நம்மிடம் சொல்வதற்கு உண்மையான சரக்கே நிறைய இருக்கிறது. உலகத்திலேயே அதிகமாக வெண்டை விளைவிப்பது இந்தியாதான். வெண்டை விதைத்து நாற்பத்தைந்து நாளில் காய்ப்புக்கு வரும். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், விட்டால் முற்றிவிடும். இப்போது யோசித்துப் பாருங்கள். காய்ப்புழுவுக்கும் வெள்ளை ஈக்கும் மருந்தடித்தால் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிற பயிரில் அந்தக் காத்திருப்பை எப்படிக் கடைப்பிடிப்பது? வெண்டையைப் பச்சையாகச் சாப்பிடலாம் என்று சொல்வதற்கு முன்னால், பச்சையாகச் சாப்பிடத் தக்கதாக அதை விளைவிப்பதுதான் நம் வேலை.

எங்கள் தோட்டத்தில் செய்வதைச் சொல்கிறேன். ஆடியிலும் மாசியிலும் விதைப்பு. வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. விதையை பீஜாமிர்தத்தில் நனைத்து நிழலில் உலர்த்தி ஊன்றுகிறோம். ஓரத்தில் இரண்டு வரிசை சோளம் சுற்றுச்சுவர் மாதிரி நிற்கும். மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு ஐந்தாறு. மஞ்சள் நரம்புத் தேமல் கண்ட செடியை இரக்கம் பார்க்காமல் பிடுங்கிவிடுகிறோம். வெள்ளை ஈ அதிகமானால் ஐந்து சத வேப்பங்கொட்டைக் கரைசல், அதாவது நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ கொட்டை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து லிட்டர் தண்ணிக்கு முந்நூறு மில்லி பஞ்சகவ்யா. சிவப்பு வெண்டை, பல கிளை வெண்டை இரண்டையும் விதைக்கென்று தனியாக விட்டு எடுக்கிறோம். பிஞ்சாகப் பறிக்கிறோம், நுனியை ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும்.

இப்போது கூடைக்கு மேல் புது அட்டை. ‘நேற்றுப் பொழுதோட பறித்த பிஞ்சு வெண்டை. மருந்து அடிக்கவில்லை. தோட்டத்துக்கு வந்து பார்க்கலாம்.’ இதில் நான் நிரூபிக்க முடியாத சொல் ஒன்றுகூட இல்லை. விற்பனை ஒரு கிலோ கூடக் குறையவில்லை.

அந்தத் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நானே வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். சங்கடப்பட்டார், “உடுங்கண்ணா” என்றார். பதினாலு நாள் மருந்தை இந்த முறை முழுசாகச் சாப்பிட்டார். தினமும் ராத்திரி நான் போன் பண்ணிக் கேட்பேன், கடன் வசூல் மாதிரி. மறுபடி சோதித்ததில் கிருமி இல்லை என்று வந்தது. ஒரு ஞாயிறு காலை மேசைக்கு வந்து நின்றார். புது அட்டையை ஒருமுறை படித்தார்.

“அரைக் கிலோ போடுங்கண்ணா. ஊட்ல பொரியலுக்கு.”

போட்டேன். அன்றைக்கு அவர் நீட்டிய காசை வாங்க எனக்கு மனசு வரவில்லை. அவர் விடவில்லை, எண்ணி வைத்துவிட்டுத்தான் போனார்.